பங்குதாரரும் பங்காளியும்

தமிழில் 'பங்காளி' என்றொரு சொல் இருக்கின்றது. சொத்தில் பங்குக்கு உரியவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் நம் வீடுகளில் அச்சொல் எந்தத் தொனியில் உச்சரிக்கப்படுகின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். 'பங்காளிச் சண்டை' என்றால் விளக்கம் தேவையில்லை. ஒரே பந்தியில் உண்டவர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போவதற்குப் பெயர் அது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் சொல் வேறு. அங்கே 'பங்குதாரர்' என்று இருக்கும். பங்குதாரருக்குக் கோபமில்லை, மானமில்லை, பழைய கணக்கில்லை. அவரிடம் இருப்பது இத்தனை பங்குகள், அவற்றுக்குரிய இத்தனை வாக்குகள், அவ்வளவுதான்.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தில்தான் நம்மவர்களின் எத்தனையோ வியாபார நிறுவனங்கள் விழுந்து மடிகின்றன.

சில வாரங்களுக்கு முன்னர் கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கண்டியில் அவருடைய சகோதரரும் இன்னொருவரும் சரிபாதிப் பங்கில் நடத்தும் தனியார் கம்பனியில் பிணக்கு. "கம்பனியைக் கலைத்துவிடும்படி நீதிமன்றத்திடம் கேட்கப் போகிறார்களாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்பனியை நீதிமன்றம் கலைக்குமா? கலைக்கலாமா?" என்பது அவரது கேள்வி. நான் சட்டத்தரணி அல்லன். ஆனால் செய்தியாளனாக நீதிமன்ற வாங்குகளில் கழித்த நாட்கள் அதிகம். கலைக்குமா என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லும். கலைக்கலாமா என்பதற்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

கலைக்குமா?

கலைக்கும். இலாபம் ஈட்டும் கம்பனியையும் கலைக்கும். கடனைத் தீர்க்க முடியாத கம்பனிக்கு மட்டுமே இந்தக் கதி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 270ஆம் பிரிவு, நீதிமன்றம் ஒரு கம்பனியைக் கலைக்கக்கூடிய சந்தர்ப்பங்களை வரிசைப்படுத்துகின்றது. அவற்றுள் ஒன்று, கலைப்பதே 'நீதியானதும் ஒப்புரவானதும்' என்று நீதிமன்றம் கருதுவது. இந்தச் சொற்றொடர் நாமே ஆக்கியதன்று. ஆங்கிலேயர் தம் நாட்டில் எழுதி, தாம் ஆண்ட நாடுகளுக்கெல்லாம் கொண்டுபோனது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 271ஆம் பிரிவிலும் அது உண்டு.

இச்சொற்றொடருக்கு உயிர் கொடுத்த வழக்குகளுள் முதன்மையானது 1916இல் இலண்டனில் தீர்ப்பான 'யெனிட்ஜே புகையிலைக் கம்பனி' வழக்கு. வைன்பேர்க், ரொத்மன் என்ற இரு சிகரெட் உற்பத்தியாளர்கள் தம் தொழில்களை இணைத்து அக்கம்பனியை அமைத்தார்கள். இருவருக்கும் சம அதிகாரம். சிறிது காலத்திலேயே முகம் பார்த்துப் பேசுவது நின்றது. கம்பனியின் செயலாளர் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செய்தி காவினார். ஓர் ஊழியரை நீக்கியது சரியா என்ற ஒரேயொரு விடயத்துக்காக நடுவர் விசாரணையில் ஆயிரம் பவுணுக்கு மேல் செலவானது. இத்தனைக்கும் கம்பனி முன்னரைவிடக் கூடிய இலாபத்தில் ஓடிக்கொண்டிருந்தது! இவர்கள் பங்காளிகளாகக் கூட்டு வியாபாரம் செய்திருந்தால் இந்த நிலைமையில் கூட்டை முறித்திருப்போம். கம்பனி என்ற சட்டை அணிந்திருப்பதால் மட்டும் வேறு முடிவு எதற்கு என்று கேட்டது மேன்முறையீட்டு நீதிமன்றம். கம்பனி கலைக்கப்பட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் விற்பனையான ரொத்மன்ஸ் சிகரெட்டின் பெயருக்கு உரியவர் அந்த லூயிஸ் ரொத்மன்தான்.

1924இல் பார்படோஸ் தீவிலிருந்து கோமறைக் கழகத்துக்குச் சென்ற 'லொக் எதிர் ஜோன் பிளக்வூட்' வழக்கு இன்னொரு வகை. அதுவொரு குடும்பக் கம்பனி. நிர்வாகம் குடும்பத்தின் ஒரு தரப்பினர் கையில். பொதுக்கூட்டம் இல்லை, கணக்கு காட்டுவதில்லை, பங்கிலாபம் அறிவிப்பதில்லை. மற்றத் தரப்பினர் சலித்துப்போய்ப் பங்குகளை மலிவாக விற்றுவிட்டுப் போகட்டும் என்பது நோக்கமாயிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமிருந்தது. நிர்வாகத்தின் நேர்மையில் நியாயமான காரணத்தோடு நம்பிக்கை அற்றுப்போனால் கலைப்புக் கோரலாம் என்று அங்கே சொல்லப்பட்டது. வருடக்கணக்கில் பங்கிலாபம் என்ற பேச்சே இல்லாத நம்மூர்க் குடும்பக் கம்பனிகளில் ஒரு மூலையில் ஒதுக்கப்பட்டிருக்கும் தங்கைகளும் விதவைகளும் இந்த வழக்கை அறிந்துகொள்வது நல்லது.

கம்பளக் கடைக் கதை

ஆனால் இத்துறையில் ஒரேயொரு தீர்ப்பைப் படிக்க வேண்டுமென்றால் நான் சுட்டிக்காட்டுவது, 1972இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை வழங்கிய எப்ராகிமி வழக்குத் தீர்ப்பைத்தான். எப்ராகிமியும் நாசரும் பாரசீகக் கம்பள வியாபாரத்தில் பல்லாண்டுக் கூட்டாளிகள். 1958இல் அந்தக் கூட்டைக் கம்பனியாக மாற்றினார்கள். நாசரின் மகன் உள்ளே வந்தார். இருவரும் தத்தம் பங்கிலிருந்து நூறு நூறு பங்குகளை மகனுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தபோது அது அன்பு. கணக்குப் பார்த்தால் தந்தையும் மகனும் 600, எப்ராகிமி 400. 1969இல் தந்தையும் மகனும் சேர்ந்து வாக்களித்து எப்ராகிமியைப் பணிப்பாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். இலாபம் முழுவதும் பணிப்பாளர் சம்பளமாகவே பிரிக்கப்பட்டு வந்ததால், பதவி போனதோடு அவருக்கு வருமானமும் போயிற்று. கையில் 400 பங்குகள் இருந்தன. சோறு போடாத பங்குகள்!

சட்டப்படி நீக்கத்தில் பிழையே இல்லை. பெரும்பான்மை வாக்கால் பணிப்பாளரை நீக்கலாம் என்று எழுதியிருக்கின்றது. ஆனாலும் வில்பர்போஸ் பிரபு, கம்பனி என்ற சட்ட உருவத்துக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கிடையே எழுதப்படாத எதிர்பார்ப்புகளும் கடப்பாடுகளும் இருக்கின்றன, அவை அனைத்தும் கம்பனி என்ற வடிவத்துக்குள் மூழ்கிப் போய்விடுவதில்லை என்ற கருத்தை நிலைநாட்டினார். கம்பனியைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று.

நம் மொழியில் சொல்வதானால், பங்குதாரருக்குள் ஒரு பங்காளி இருக்கிறான் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்ட நாள் அது.

எல்லாக் கம்பனிக்கும் இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டாட்டா குழுமத்தின் தலைமைப் பதவியிலிருந்து 2016 ஒக்டோபரில் சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டபோது அவரது குடும்பத்தின் நிறுவனங்களிடம் டாட்டா சன்ஸில் 18.37 சதவீதப் பங்குகள் இருந்தன. நெடிய வழக்கின் இறுதியில் 2021 மார்ச் 26இல் இந்திய உச்ச நீதிமன்றம் டாட்டாவின் பக்கமே நின்றது. கூட்டாளிகளின் பரஸ்பர நம்பிக்கையின் மீது கட்டப்பட்ட கம்பனி அதுவன்று என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

கோடரியைக் காட்டலாம், வெட்டலாமா?

இனி, கலைக்கலாமா என்ற கேள்வி.

கலைப்பு வேண்டும் என்போரின் நியாயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. தனியார் கம்பனியின் பங்கைச் சந்தையில் விற்க முடியாது. வெளியார் வாங்க மாட்டார்கள், வாங்க வந்தாலும் அமைப்பு விதிகள் விடா. பெரும்பான்மையினர் கதவைச் சாத்திவிட்டால் சிறுபான்மைப் பங்குதாரர் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த நிலையில் 'கலைத்துவிடுவேன்' என்ற ஓர் ஆயுதமாவது அவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுவார்த்தைக்கே எவரும் வரமாட்டார்கள். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். 270ஆம் பிரிவிலிருந்து அந்த வரியை நீக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் கோடரி காட்டுவதற்கு இருப்பது வேறு, மரத்தை வெட்டுவது வேறு. நம் சட்டத்தின் 224ஆம், 225ஆம் பிரிவுகள் அடக்குமுறைக்கும் முறைகேடான நிர்வாகத்துக்கும் எதிராக வேறு நிவாரணங்களைத் தருகின்றன. ஒருவரது பங்கை மற்றவர் நியாயமான விலைக்கு வாங்கும்படி நீதிமன்றம் பணிக்கலாம். இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 994ஆம் பிரிவின் கீழ் இன்று பெரும்பாலும் நடப்பதும் அதுவே. அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் டிரான்ஸ்பெர்பெக்ட் என்ற மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் இரு உரிமையாளர்கள், ஒருகாலத்தில் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தவர்கள், ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டபோது, 2015இல் நீதிமன்றம் கம்பனியைத் துண்டு துண்டாக்கவில்லை. ஓடும் நிறுவனமாகவே விற்கச் சொன்னது. 2018இல் இருவரில் ஒருவரே அதனை வாங்கினார். நிறுவனம் இன்றும் இயங்குகின்றது.

நமக்கு இன்னும் அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. நீலகிரி மலையில், ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தி என்ற ஊரில் ஊசித் தொழிற்சாலை ஒன்று இருக்கின்றது. தேயிலை மலைக்கு நடுவே ஊசி! ஆங்கில மூலதனத்தில் தொடங்கிய அக்கம்பனியில், அந்நியப் பங்கைக் குறைக்கும்படி 1973ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்திய காலத்தில் இந்தியப் பங்குதாரர்களுக்கும் ஆங்கிலத் தரப்பினருக்கும் மூண்டது பிணக்கு. 1977இல் புதிய பங்குகள் வெளியிடப்பட்டன. அவற்றுக்கான அறிவிப்பு ஆங்கிலத் தரப்பினரின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்திருந்தது. புதிய பங்குகள் இந்தியப் பங்குதாரர்களுக்கே போயின. இந்திய உச்ச நீதிமன்றம் 1981இல் இதனை அடக்குமுறை என்று கொள்ளவில்லை. ஆனால் அத்தோடு நிறுத்திவிடவுமில்லை. தகாத முறையில் கிடைத்த ஆதாயத்தைப் பங்குக்குத் தொண்ணூறு ரூபாயாகக் கணக்கிட்டு, 854,550 ரூபாவை ஆங்கிலத் தரப்பினருக்குச் செலுத்தும்படி உத்தரவிட்டது. தவறைத் தீர்க்கக் கம்பனியைப் பலியிட வேண்டியதில்லை. தராசின் தாழ்ந்த தட்டை உயர்த்தினால் போதும் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

வழக்கில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதில் ஒரு தரப்பினரைப் பற்றி நான் பேசவில்லை. சட்டமும் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கண்டி நகரில் நான் அறிந்த ஒரு கம்பனி இருந்தது. பெயர் வேண்டாம். கட்டடப் பொருள் வியாபாரம். இரு நண்பர்கள், சரிபாதிப் பங்கு. வங்கிக் காசோலையில் இருவரும் ஒப்பமிட வேண்டும் என்பது நட்பின் அடையாளமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. பிணக்கு வந்ததும் அதுவே தூக்குக் கயிறாயிற்று. ஒருவர் ஒப்பமிட மறுத்தார். சரக்குக்குப் பணம் போகவில்லை. பின்னர் சம்பளமும் போகவில்லை. அங்கே வேலை செய்தவர்களில் பாதிப்பேர் எங்கள் பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிவதற்கு முன் பஸ் ஏறிப் போனவர்கள். கொழுந்துக் கூடையிலிருந்து தப்பி நகரத்தில் ஒரு நிரந்தரச் சம்பளம் கிடைத்துவிட்டது என்று நம்பிய முதல் தலைமுறையினர். வழக்குப் போனது கொழும்புக்கு. ஆண்டுகள் போயின. இறுதியில் முதலாளிகள் சமரசமானபோது பங்கு போட்டுக்கொள்ள மிஞ்சியிருந்தது ஒரு பழைய லொறியும் குத்தகைக் கட்டடமும்தான். அப்பம் பங்கிடக் குரங்கிடம் போன பூனைகளின் கதை. பூனைகளுக்காவது அப்பம் பங்கிடப்படுவதைப் பார்க்கும் பாக்கியம் இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

"ஐயா, அந்த வழக்கில எங்களக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்க மாட்டாங்களா?" என்று அவர்களில் ஒருவர் என்னைக் கேட்டார். கேட்கமாட்டார்கள் என்றேன். சம்பள நிலுவை இருந்தால் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்கலாம். தொழிலாளி என்ற தகுதியில் நிற்க இடமில்லை.

ஆனால் அந்தக் கேள்விக்கு இந்தியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை சொல்லப்பட்டிருக்கின்றது. தமிழ்நாட்டிலிருந்து, சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற 'தேசிய நெசவுத் தொழிலாளர் சங்கம் எதிர் பி.ஆர். இராமகிருஷ்ணன்' வழக்கு அது. கம்பனி ஒன்றின் கலைப்பு மனு விசாரிக்கப்படும்போது அங்கு வேலை செய்யும் தொழிலாளர்கள் முன்னிலையாகித் தம் கருத்தைச் சொல்லலாமா என்பதே பிரச்சினை. 1982 டிசம்பரில் ஐந்து நீதியரசர்களில் மூவர், 'சொல்லலாம்' என்றார்கள். பகவதி முன்னின்று எழுதிய அத்தீர்ப்பின் சாரம் எளிமையானது. கம்பனி மூலதனம் போட்டவர்களின் சொத்து மட்டுமன்று. மூலதனம் போட்டவர் பணத்தைப் போடுகிறார், தொழிலாளி தன் வாழ்நாளைப் போடுகிறார். கலைப்பினால் கஞ்சியை இழக்கப் போகிறவனைக் கேட்காமல் தீர்ப்பளிப்பது இயற்கை நீதிக்கு முரணானது. கலைப்பு மனு தொடுக்கும் உரிமையைத் தொழிலாளருக்கு அத்தீர்ப்பு கொடுக்கவில்லை. கேட்கப்படும் உரிமையைத்தான் கொடுத்தது.

நம் நாட்டுக் கம்பனிகள் சட்டத்தில் இந்த ஒரு வரி வேண்டும் என்பதே என் கோரிக்கை. இது புரட்சி அன்று. 'நீதியும் ஒப்புரவும்' என்று சட்டமே எழுதி வைத்திருக்கின்றது. யாருக்கு நீதி, யாரோடு ஒப்புரவு என்பதை மட்டும் விரித்துச் சொல்லும்படி கேட்கிறோம்.

தூரமும் காலமும்

இரண்டாவது கோரிக்கை இடம் பற்றியது. 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வர்த்தக வழக்குகளுக்கென மேல் நீதிமன்றம் கொழும்பில் அமைந்தது. கம்பனிகள் சட்டமும், அத்தகைய நீதிமன்றம் இல்லாத மாகாணங்களின் விடயங்களை மேல் மாகாண நீதிமன்றத்துக்கே அனுப்புகின்றது. ஆக, பன்வில வீதியில் கடை வைத்திருக்கும் இரு பங்காளிகள் தங்கள் பிணக்கைத் தீர்க்கக் கொழும்புக்குச் செல்ல வேண்டும். சட்டத்தரணியும் அங்கே, கணக்காய்வாளரும் அங்கே, தவணையும் அங்கே. உலக வங்கியின் 2020ஆம் ஆண்டுக்கான ஒப்பீட்டறிக்கை, இலங்கையில் ஒரு வர்த்தக ஒப்பந்தத்தை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள 1,318 நாட்கள் ஆவதாகக் கணக்கிட்டது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல்! ஒப்பமிடாத காசோலையோடு எந்தச் சிறிய கம்பனி அவ்வளவு காலம் உயிர் வாழும்? நீதிமன்றம் கலைப்பு உத்தரவு இடுவதற்கு முன்பே காலம் அந்த உத்தரவை இட்டுவிடுகின்றது. கண்டிக்கு ஒரு வர்த்தக மேல் நீதிமன்றம் என்பது ஆடம்பரமன்று.

முதல் நாளே முடிவை எழுதுங்கள்

மூன்றாவது கோரிக்கை அரசாங்கத்திடம் அன்று, நம்மவர்களிடம்.

கம்பனி பதியும்போது சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ள மாதிரி அமைப்பு விதிகளை அப்படியே ஏற்றுக்கொண்டு கையொப்பமிடுவது நம் வழக்கம். பிரிய நேர்ந்தால் யார் யாருடைய பங்கை வாங்குவது, விலையை யார் நிர்ணயிப்பது, அதுவரை காசோலையில் யார் ஒப்பமிடுவது என்றெல்லாம் தனியே ஓர் உடன்படிக்கை எழுதுவோம் என்று சொன்னால், "நல்ல காரியம் தொடங்கும்போது இதென்ன பேச்சு?" என்று முகம் சுளிக்கிறார்கள். அபசகுனமாம். நாள், நட்சத்திரம், இராகு காலம் எல்லாம் பார்க்கிறோம். வராமல் இருக்க வாய்ப்பே இல்லாத பிரிவை மட்டும் பார்ப்பதில்லை. நட்பினால் பிரியாவிட்டாலும் மரணத்தினால் பிரிந்தே ஆக வேண்டும். அப்போது உங்கள் நண்பருடன் அல்ல, நண்பரின் மருமகனுடன் நீங்கள் பணிப்பாளர் சபையில் உட்கார வேண்டியிருக்கும்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தம் முகவர்களை மூன்று ஆண்டுத் தவணைக்கே அனுப்பினார்கள். தவணை முடிந்ததும் கணக்கு முடிக்கப்பட்டு ஒப்படைக்கப்படும். புதியவர் புதிய கணக்கோடு தொடங்குவார். தொடங்கும்போதே முடிவு தேதி எழுதியிருந்தது. அதை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. கணக்குச் சுத்தம் என்றார்கள்.

எனவே வாசகருக்கு என் பதில் இது. உங்கள் சகோதரரும் அவரது கூட்டாளியும் கலைப்பு மனுவில் கையொப்பமிடுவதற்கு முன்னர், இருவரும் நம்பும் ஒரு கணக்காளரைக் கொண்டு கம்பனிக்கு விலை நிர்ணயிக்கட்டும். சிறுபான்மைப் பங்கு என்று சொல்லி விலையை வெட்டாமல், முழுக் கம்பனியின் மதிப்பில் அவரவர் பங்கு எவ்வளவு என்று பார்க்கட்டும். பின்னர் ஒருவர் விற்கட்டும், மற்றவர் வாங்கட்டும். உடன்பாடு வராவிட்டால் 1995ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கின்றது. அதுவும் முடியாவிட்டால் 224ஆம் பிரிவு இருக்கின்றது. 270ஆம் பிரிவு கடைசிக் கதவு. அதற்கு அப்பால் அறை இல்லை, வெளிதான் இருக்கின்றது.

அந்தக் கதவைத் திறப்பதற்கு முன்னர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பள நாளை எண்ணிக்கொண்டு நிற்கிறவர்களும் அந்தக் கம்பனியின் பங்காளிகள்தான். அவர்களிடம் பங்குப் பத்திரம் இல்லை, அவ்வளவுதான்.